குப்பைத்தொட்டியைக் காலி செய்யுமுன்

பூந்தா அரெனாஸில் காற்று வெறிபிடிக்கும் நாட்களில்
தெரு முனைகளில் கயிறு கட்டிவிடுவார்கள்,
பிடித்துக்கொண்டு நடக்க.
கயிற்றில் ஒரு கை, கருவிப் பையில் ஒரு கை.
இப்படித்தான் போகிறேன் வீடு வீடாக.
கூப்பிடுகிறவர்கள் எல்லோருக்கும் முதல் வாக்கியம் ஒன்றே:
"நான் ஒன்றுமே செய்யலை, அதுவாவே..."
நம்புகிறேன்.
பாதி.

திருமதி மாருசிச் வீட்டில்
கணினிக்கு உயிர் போய்விட்டதாம்.
மேசைக்கடியில் தவழ்ந்தேன்.
பிளக்குகள் செருகின பெட்டியில்
சிவப்பு விளக்கு அணைந்திருந்தது,
பக்கத்தில் ஈரத் துடைப்பம்.
யார் தரை துடைத்தது என்று கேட்கவில்லை.
பெருவிரலால் ஓர் அழுத்து.
உள்ளே விசிறி மூச்சுவிட்டது.
"இதுக்கா உனக்குக் காசு?"
"இல்லை அம்மா,
இதை வெளியே சொல்லாமல் இருப்பதற்கு."

எதுவும் புரியாவிட்டால்
அணைத்துவிட்டுப் பத்து எண்ணிப் போடுங்கள்.
மூன்றில் இரண்டு நோய் அதிலேயே போகும்.
ஏன் போகிறது என்று கேட்காதீர்கள்,
படித்த எனக்கே சரியாகத் தெரியாது.

எதுவிகேஸ் போனிலேயே அழுதாள்.
கடவுச்சொல் தவறு, தவறு, தவறு என்கிறதாம்.
பதினோரு வருடமாக அதே சொல்:
அவள் நாயின் பெயர்.
நாய் செத்தும் மாற்றவில்லை.
"விசைப்பலகையின் இடது ஓரத்தில்
பச்சைப் பொட்டு ஒன்று எரிகிறதா, பார்."
எரிகிறது.
பெரிய எழுத்துக்குப் பூட்டுப் போட்டிருக்கிறாய்.
நாயைக் கத்திக் கூப்பிடுகிறாய்,
மெதுவாகக் கூப்பிடு.
மறுமுனையில் விசை ஓசை, ஒவ்வொன்றாய்.
பிறகு நெடுநேரம் ஒன்றும் இல்லை.
"வந்துட்டான்" என்றாள்.

ஒத்தீலியா கார்க்கமோவின் கணினி
அரை மணிக்கொரு முறை மயங்கி விழும்.
வைரஸ் என்றார் மருமகன்,
புதிது வாங்கு என்றது கடை.
மூடியைக் கழற்றினேன்.
பக்கத்தில் உட்கார்ந்து
பத்து வருடம் நூற்ற ஆட்டுரோமம் அத்தனையும்
விசிறியைச் சுற்றிப் படிந்து, கூடு கட்டி,
மூச்சுவிட இடமில்லாமல்.
தூரிகையால் உருவி உருவி எடுத்துக் கொடுத்தேன்.
விரலால் நெருடிப் பார்த்தாள்:
"நல்ல இழை. ஒரு குழந்தைக் காலுறைக்கு வரும்."

இனி நிபால்தோ.
நண்டுப் படகுக்காரர். பேச்சு குறைவு.
கணினி நகரமாட்டேன் என்கிறது, அவ்வளவுதான் சொன்னார்.
வட்டு நிரம்பி வழிந்தது.
குப்பைத்தொட்டியில் மட்டும்
நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு கோப்புகள்.
நிரந்தரமாக அழிக்கவா என்று கேட்டது திரை.
ஆம் என்பதன் மேல் அம்புக்குறி,
அம்புக்குறியின் மேல் என் விரல்.
பழக்க தோஷம், குரல் கொடுத்தேன்:
"குப்பையில் ஏதும் வேண்டுமா?"

கொதிக்கும் கெட்டிலோடு
அடுப்படியிலிருந்து ஓடிவந்தார் அந்தக் கனத்த மனிதர்.
படகு உரிமம்.
ஒன்பது பருவத்து நண்டுக் கணக்கு.
வால்திவியாவில் மகள் வாங்கிய பட்டம்.
அவருடைய முதுகெலும்பின் எக்ஸ்ரே.
எல்லாம் அங்கே.

"ஏன் ஐயா இங்கே?"

"திருடன் வந்தா எல்லா அறையும் தேடுவான்.
குப்பைத்தொட்டியைக் கிளறுவானா?"

இருபது வருடத் தொழிலில்
இதற்கு என்னிடம் பதில் இல்லை.
விரலை எடுத்தேன்.
அது நடுங்கியதை அவர் பார்த்தார்,
கோப்பையில் தேநீர் ஊற்றினார்.

ஒவ்வொன்றாக வெளியே எடுத்தோம்.
புதிய கோப்புறைக்கு என்ன பெயர் என்றேன்.
யோசித்துச் சொன்னார்: "குப்பை."
அப்படியே வைத்தேன்.
விரல் நீளக் கருவியில் இன்னொரு பிரதி எடுத்தேன்.
அதை மாவு டின்னுக்குள் புதைத்துவிட்டு
கையைத் தட்டிக்கொண்டார்.

கூலியாக உறைந்த நண்டு ஒன்று,
செய்தித்தாளில் சுற்றி, கால்கள் வெளியே நீட்டியபடி.
வெளியே காற்று இன்னும் ஏறியிருந்தது.
ஒரு கையில் பை,
ஒரு கையில் நண்டு.
தெரு முனையில் நின்று
கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.